கடலைப் பற்றித் தப்பாகச் சொன்னால்

நொச்சிக்குப்பத்து டயானாவிடம் பெரிதாகக் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. எதிரில் யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் அவளால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். அதுவும் கடலைப் பற்றிச் சொல்லிவிட்டால் போச்சு. அப்படிப்பட்டவளுக்குக் கலங்கரை விளக்கத்தின் உச்சி மாடத்தில், ஜனங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஊரிலுள்ள அப்பாக்கள் எல்லாம் பிள்ளைகளைக் கூட்டிவந்து கடலைப் பற்றி அளந்துவிடுவது அங்கேதான்.

துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கப்பலைக் காட்டி, "பிரேக்டவுன் ஆயிடுச்சுடா" என்பார் ஓர் அப்பா. அடிவானத்து மேகத்தை இலங்கை என்பார் இன்னொருவர். டயானா நடுவில் புகுந்து திருத்திவிடுவாள். போன மாதம் ஒருவர், கடலுக்குள் சூரியன் இறங்குவதைக் காட்டுகிறேன் என்று மகனைக் கிழக்கே பார்த்து அரை மணி நேரம் நிற்க வைத்திருந்தார். டயானா பொறுத்துப் பார்த்தாள்.

"சார், சூரியன் அந்தாண்ட மைலாப்பூர் பக்கம் எறங்கிக்கினு கீது. இங்க காலைலதான் வரும்" என்றாள். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா நேரே கீழே போய்ப் புகார்ப் புத்தகத்தைக் கேட்டார்.

மேற்பார்வையாளர் கல்யாணராமன் நல்ல மனிதர். தலையில் கை வைத்துக்கொண்டார். "அவா பெத்த குழந்தைக்கு அவா என்னத்தையோ சொல்லிண்டு போறா. நோக்கென்னடி வந்துது? இதோட மூணு. இன்னொண்ணு வந்தா காண்ட்ராக்டர் ஆளை மாத்திடுவான், என்னால தடுக்க முடியாது."

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் கணவன் ஜான்சன் இரண்டு மாதம் கரையில்தான். வீட்டில் உலை கொதித்தது அவள் வேலையில். "நுணலும் தன் வாயால் கெடும்னு உன்னப் பாத்துத்தான் சொல்லிக்கிறாங்க" என்று ஜான்சன் வேறு கிண்டல் செய்தான்.

அன்றுமுதல் அவள் வாயில் கடலைமிட்டாயை அடக்கிக்கொண்டு நின்றாள். மேகம் இலங்கையானது. கப்பல் திமிங்கிலமானது. டயானா மென்றாள். எட்டு நாளில் பல்வலி வந்ததே தவிர புகார் வரவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஒருவர் மகளோடு வந்தார். மஞ்சள் கவுன் போட்ட பெண், ஏழு வயதிருக்கும். அவர் கீழே கரையைக் காட்டினார்.

"அனு, அங்க பாரு. ரெண்டு பக்கமும் பெரிய அலை. நடுவுல மட்டும் அலையே இல்ல. அதுதான் சேஃப். இப்ப கீழ போய் நாம அங்கதான் எறங்கப் போறோம்."

டயானா கடலைமிட்டாயைக் கடிக்காமல் நின்றாள். ஜான்சனுடைய தம்பி நீச்சலில் புலி. அவனை வாரிக்கொண்டு போனது அப்படி ஓர் அலையில்லாத இடம்தான். வேலை போய்விடுமே என்று மனசு அடித்துக்கொண்டது. மிட்டாயைக் கையில் துப்பினாள்.

"சார், கோச்சிக்காதீங்க. அலை இல்லாத எடம்தான் டேஞ்சரு. கரைக்கு வந்த தண்ணி அந்த வழியாத்தான் திரும்பிப் போவுது. கால வச்சா இஸ்துக்கினு பூடும்."

"நான் இன்ஜினியர். உங்க வேலையப் பாருங்க."

டயானா அந்தப் பெண்ணிடம் குனிந்தாள். "பாப்பா, அங்க நுரை எந்தாண்ட போவுது, சொல்லு?"

அனு கம்பியில் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தாள். "உள்ள போகுதுப்பா. கடலுக்குள்ள போகுது."

அவர் முகம் சிவந்துவிட்டது. சட்டைப் பையில் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மகளை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். சரி, வேலை போச்சு என்று டயானா முடிவு செய்துவிட்டாள். அதைவிட, இத்தனைக்கும் பிறகு அந்த மனுஷன் வீம்புக்கு அங்கேயே இறங்கிவிட்டால்? அந்தப் பயம்தான் அவளை உலுக்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மணலையே பார்த்தாள்.

மஞ்சள் கவுன் மணலில் வந்தது. தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. வேறொரு குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு, சரியாக அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. அனு ஓடிப்போய் அவர்கள் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். அந்தக் குடும்பத்து ஆள் போ போ என்று கையை வீசினார். உடனே அவளுடைய அப்பா வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்று, தண்ணீரைக் காட்டிக் காட்டிப் பேசினார். அந்தக் குடும்பம் பின்வாங்கியது.

டயானாவின் போன் அடித்தது. கல்யாணராமன்.

"புகார் எழுதிட்டுப் போயிட்டார்டி! ஒரு முழுப் பக்கம்! முன்னபின்ன தெரியாதவா விஷயத்துல தலையிடறாளாம்."

"சார், ஜன்னலாண்ட வந்து பாருங்க" என்றாள் டயானா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அவுரே இப்ப கீழ நின்னு, முன்னபின்ன தெரியாதவங்களுக்குப் பாடம் எடுத்துக்கினு கீறாரு. அவுரு மேல யாரு சார் எழுதறது?"