பெயர் இல்லாத 41ஆம் எண் ஜெர்சி

1. திங்கட்கிழமை

2025 ஜூன் 16, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். குளித்து, விளக்கேற்றி, 5.35க்குச் சிம்பாங் அம்பாட் வீட்டிலிருந்து காரை எடுத்தேன். பட்டர்வொர்த்தில் காரை விட்டுவிட்டு பினாங்குத் தீவுக்கு பெர்ரி ஏறினேன். கடல் அமைதியாக இருந்தது. பெங்காலான் வெல்டிலிருந்து லெபோ பந்தாயில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு எட்டு நிமிட நடை. கீழ்க்கடையில் பால் விடாத கோப்பி ஓ ஒன்று, இரண்டு தோசை. 6.58க்கு என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்கு வேலை தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இங்கே காலை ஏழு என்றால் எங்கள் வாடிக்கையாளருக்கு அங்கே முதல் நாள் மாலை ஏழு. அவர்கள் வட அமெரிக்காவில் ஒரு பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி, சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் தொழில்முறை அணி. வருடத்துக்கு ஒருமுறை அந்த லீக்கில் டிராஃப்ட் நடக்கும். கல்லூரிகளில் சம்பளமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் பெண்களை அணிகள் வரிசைமுறைப்படி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். யாரை எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்தப் பெண்கள் ஆடிய ஆட்டங்களையெல்லாம் யாராவது விநாடி விநாடியாகப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். அந்த யாரோ நாங்கள்தான். வேலைக்குப் பெயர் டேகிங்.

ஒருத்தி பனியில் இறங்கி ஐம்பது விநாடி போல ஆடிவிட்டு, மூச்சு வாங்கப் பெஞ்சுக்குத் திரும்புவாள். இது ஒரு ஷிஃப்ட். ஒவ்வொரு ஷிஃப்டையும் தனித்தனித் துண்டாக வெட்டி, ஜெர்சி எண்ணைப் பார்த்து உரியவர் கணக்கில் சேர்ப்போம். முகத்தைப் பார்த்துச் சேர்க்க முடியாது. எல்லோர் முகத்திலும் கம்பிக்கூண்டு இருக்கும்.

நிபோங் திபாலிலிருந்து வரும் தெய்வானை என் பக்கத்து மேசை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "ஃபேக்டரியில பன்னண்டு மணி நேரம் ஷிஃப்ட்டு. இவளுங்களுக்கு அம்பது செகண்டு. அதுக்கே மூச்சு வாங்குது பாருங்கக்கா."

டிராஃப்டுக்கு மூன்று நாள் இருந்தது. அறிக்கைகள் எல்லாம் போய்விட்டன. அன்று எனக்கு மிச்சமிருந்தது ஒரே வேலை, அதுவும் யாரும் சொல்லாமல் நானாக வைத்துக்கொண்டது: யாருடையது என்று தெரியாத துண்டுகளைப் போட்டுவைக்கும் 'அன்நோன்' தொட்டியைப் பார்த்து முடிப்பது.

2. நம்பரைப் பார்க்கிறவர்கள்

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் கியூசி, தரம் பார்க்கிற வேலை. மைக்ரோஸ்கோப்பின் கீழே சர்க்யூட் போர்டுகளின் சால்டர் புள்ளிகளைப் பார்ப்பேன். சரியில்லாத போர்டு ரிஜெக்ட் தட்டுக்குப் போகும். வேலை முடியும்போது அந்தத் தட்டை இன்னொரு முறை பார்க்காமல் நான் எழுந்ததில்லை. நல்ல போர்டும் சில சமயம் அதில் கிடக்கும்.

அந்த லைனை வேறு நாட்டுக்கு மாற்றியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. குகன் அப்போதுதான் இந்த அலுவலகத்தைத் திறந்திருந்தார். என்னைவிட ஏழு வயது இளையவர். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"ஐஸ் ஹாக்கி தெரியுமாக்கா?"

"தெரியாது. ஐஸ்னா செண்டோல்ல சீவிப் போடறதுதான் தெரியும்."

"அதான் வேணும். ஆட்டம் தெரிஞ்சவங்க ஆட்டத்தப் பாப்பாங்க. எனக்கு நம்பரப் பாக்கிறவங்கதான் வேணும்."

அப்படியே பார்த்தேன். ஆறு வருடத்தில் ஆட்டமும் தெரிந்துவிட்டது, ஆனால் குகனிடம் சொல்லவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டி எழுதச் சொன்னபோது நாற்பது விதிகள் எழுதிக் கொடுத்தேன். பதினான்காவது இது: 'அணிப் பட்டியலில் இல்லாத எண் வந்தால், அந்தத் துண்டை அன்நோனில் போடவும்.' எழுதும்போது சரியாகத்தான் பட்டது.

3. அன்நோன்

அன்நோனில் அறுபத்து மூன்று துண்டுகள் இருந்தன. பெரும்பாலும் எண் மங்கலானவை, கேமரா ஆடியவை. ஆனால் பத்தொன்பது துண்டுகள் ஒரே ஆட்டத்தவை. பிப்ரவரியில் ஒரு சின்னக் கல்லூரி ஆடிய ஆட்டம். எண் 41, வெள்ளை ஜெர்சி. முதுகில் எண்ணுக்கு மேலே பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த அணியின் பட்டியலில் 41 என்று ஒருவரே இல்லை. டேக் செய்தவர் யார் என்று பார்த்தேன். என்னுடைய இனிஷியல்.

ஒரு தடுப்பாட்டக்காரி. எதிரணி நுழையும் பக்கத்தை முன்கூட்டியே அடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் பக் எனும் ரப்பர் வட்டைப் பறித்துத் தன் ஆளுக்குத் தள்ளிவிட்டாள். கோல் அடிக்கவில்லை, கோலுக்கு உதவவும் இல்லை. அதனால் ஸ்கோர் தாளிலும் 41 வரவில்லை. ஆனால் அவள் பனியில் இருந்த பத்தொன்பது ஷிஃப்டிலும் எதிரணி ஒரு கோல்கூடப் போடவில்லை.

பதினோராவது துண்டின் கடைசியில் படம் பெஞ்சுக்கு எதிரே உள்ள கேமராவுக்கு மாறியது. அங்கே ஆட்டம் இல்லை என்பதால் நாங்கள் அதை டேக் செய்வதில்லை. களைத்துத் திரும்பிய ஒருத்தி பெஞ்சு வாசலில் நின்றாள். 41 இடுப்பை நகர்த்தி இடம் விட்டாள். வந்தவள் உட்கார்ந்ததும் அவள் ஹெல்மெட்டின் மேல் கையுறையை ஒரு கணம் வைத்து எடுத்தாள்.

என் கை மவுஸை விட்டுவிட்டது. இது எனக்குத் தெரிந்த அசைவு.

என் சொந்தக் குறிப்பேட்டை எடுத்தேன். ஜனவரி மாதப் பக்கம் ஒன்றில் என் கையெழுத்தில் இருந்தது: 'ஹன்னா, எண் 16. வருகிறவளுக்கு எப்போதும் நகர்ந்து இடம் கொடுக்கிறாள். இதற்கு டேக் இல்லை.'

அதே கல்லூரி அணியில் ஆடும் ஹன்னாவின் அறிக்கையைத் திறந்தேன். பிப்ரவரி ஆட்டத்துக்கு நேரே நான் எழுதியிருந்த வரி: '16, முதல் பீரியட் முடிவில் காயம். திரும்பி வரவில்லை.' அதன் கீழே வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒரு வரி, கேள்விக்குறியோடு: உடல் தாங்குமா? அடுத்த வாரம் அவள் பெயர், அவர்கள் எடுக்க நினைத்தவர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது.

ஓர் ஆட்டத்துக்கு இருபது நிமிடம் வீதம் மூன்று பீரியட். முதலாவதின் கடைசி நிமிடத்துக்குப் போய்ப் பார்த்தேன். 16 சுவர்ப்பலகையில் மோதுகிறாள். முகக்கம்பி மூக்கில் அழுந்துகிறது. குனிந்தபடி வெளியே போகும்போது ஜெர்சியின் முன்பக்கம் சிவந்திருக்கிறது. ரத்தம் பட்ட ஜெர்சியோடு ஆட விடமாட்டார்கள், அது விதி. ஒவ்வொரு அணியும் பெயர் போடாத உபரி ஜெர்சி ஒன்று வைத்திருக்கும். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதை மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாள். நாங்கள் பட்டியலை ஆட்டத்துக்கு முன்பே இறக்கிக்கொள்வதால் மாற்றம் எங்களுக்கு வரவில்லை.

தன் கடைசி வருடத்தில் அவள் ஆடிய மிக நல்ல நாற்பது நிமிடங்களை அன்நோனில் போட்டது நான். அவளைக் காயக்காரி என்று எழுதியதும் நான்.

4. குகனின் அறை

தெய்வானையிடம் முதலில் காட்டினேன். ஜனவரியில் 16, பிப்ரவரியில் 41, இரண்டு துண்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். வழக்கமாக அவளிடமிருந்து வரும் கிண்டல் வரவில்லை.

"யாருக்கும் தெரியாதுக்கா," என்றாள். பிறகு அவளே, "இப்ப எனக்குத் தெரிஞ்சிருச்சு. போங்க, பாஸ்கிட்ட சொல்லிடுங்க," என்றாள்.

குகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு வாய்கூட எடுக்கவில்லை. ஜூலையில் எங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறது என்பது எனக்கும் தெரியும். பதினாறு பேர் அந்த ஒரு வாடிக்கையாளரை நம்பி அங்கே உட்கார்ந்திருக்கிறோம். டிராஃப்டுக்கு மூன்று நாள் முன்னால் 'எங்கள் அறிக்கை தப்பு' என்று எந்த அலுவலகமும் ஆசையோடு எழுதாது. அவர் அதையெல்லாம் நிதானமாக எடுத்துச் சொன்னார். கோபப்படவில்லை.

"டிராஃப்ட் முடியட்டும் லா அக்கா. அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

"அப்புறம் சொன்னா என் மனசு சுத்தமாகும், குகன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடினார். கீழே யாரோ லாரியைப் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அவதான்னு எப்படிச் சொல்றீங்க? பக்கத்துல உக்காந்தவளுக்கு இடம் விட்டாங்கிறத வச்சு நான் அனுப்ப முடியாது."

நியாயமான கேள்வி. திரும்ப வந்து பெஞ்சு கேமரா காட்சிகளை மட்டும் முதலிலிருந்து பார்த்தேன். மதியம் 2.40க்குக் கிடைத்தது. இரண்டாவது பீரியடில் 41 தண்ணீர் குடிக்கத் தலையை அண்ணாந்தபோது, கம்பிகளுக்கு நடுவே, இடது மூக்கில் வெள்ளையாகப் பஞ்சு. படத்தை அப்படியே நிறுத்தி அச்செடுத்துக் குகன் மேசையில் வைத்தேன்.

அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"அவங்களுக்கு அனுப்புற கடிதத்துல உங்க பேரப் போடுங்க," என்றார். நான் சரி என்றேன். "கீழ என் பேரையும் போடுங்கக்கா. நம்பர மட்டும் பாக்கச் சொன்னது நான்தான்."

5. டயான்

கடிதம் திங்கட்கிழமையே போனது. செவ்வாய் காலை 7.30க்கு வீடியோ அழைப்பு. மறுமுனையில் டயான், அந்த அணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் தலைவி. ஆறு வருடத்தில் நான் அவரோடு நேரடியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. தவறு என்னுடையது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். பிறகு மோதல், ஜெர்சி, பஞ்சு என்று வரிசைப்படி காட்டினேன். அவர் குறுக்கிடாமல் பார்த்தார்.

வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தயங்கினேன். பிறகு பெஞ்சில் இடம் விடுவதைச் சொன்னேன். அதற்கு டேக் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது, நாளைக் கூட்டத்தில் பார்க்கிறேன், வாக்குத் தர முடியாது என்றார். நன்றி சொன்ன குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. அன்று முழுக்க அந்தக் குரலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

6. வியாழக்கிழமை

ஜூன் 19. காலை ஏழுக்கு டிராஃப்ட் தொடங்கியது. கூட்ட அறையின் பெரிய திரையில் போட்டோம். மேடைக்கு வந்து பெயர் சொல்வார்கள். அரங்கத்தில் ஒரு பெண் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொள்வாள். ஒவ்வொருத்தியையும் எனக்குத் தெரியும், எந்தக் கால் பலம், எந்தப் பக்கம் திரும்பச் சிரமப்படுவாள் என்பது உட்பட. அவர்களுக்கு என்னைத் தெரியாது. ஹன்னா அரங்கத்தில் இல்லை. அழைக்கப்பட்டவர்கள்தான் அங்கே வருவார்கள்.

மூன்றாவது சுற்று, நான்காவது, ஐந்தாவது. எங்கள் அணி எடுத்த எல்லோரும் கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரிகள். கடைசிச் சுற்றில் எங்கள் அணியின் முறை வந்தபோது தெய்வானை என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு பெயர் சொன்னார்கள். அதற்குப் பிறகு இன்னும் மூன்று அணிகள் இருந்தன. அவர்களும் வேறு பெயர்கள் சொன்னார்கள். 9.52க்கு முடிந்தது.

குகன் திரையை அணைத்தார். எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். "பசியாறீட்டீங்களாக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவரே கீழே போய் எல்லோருக்கும் ரொட்டி வாங்கிவந்தார். தெய்வானை தன்னுடையதில் பாதியை என் தட்டில் வைத்தாள்.

10.47க்கு டயானிடமிருந்து மின்னஞ்சல். அங்கே இரவு பதினொன்றை நெருங்கியிருக்கும். இந்த வருடம் முன்வரிசை ஆட்கள் இல்லாமல் தவிக்கிறோம், அதனால் டிராஃப்டில் இடமில்லை என்று எழுதியிருந்தார். டிராஃப்ட் முடிந்ததும், யாரும் எடுக்காதவர்களை அணிகள் பயிற்சி முகாமுக்குக் கூப்பிடலாம். அவர் அரங்கத்தை விட்டு வெளியே வந்தவுடன் முதலில் கூப்பிட்டது ஹன்னாவை. இலையுதிர் கால முகாமில் அவளுக்கு ஓர் இடம் உண்டு. அணியில் சேர்வது அதற்குப் பிறகு அவள் கையில்.

கடைசியில் இப்படி இருந்தது: 'பிப்ரவரி ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். பஞ்சு இடது மூக்கில்தான் என்றாள். ஜெர்சி இரண்டு அளவு பெரியதாம். பிறகு, தான் திரும்பி வந்ததை யாராவது பார்த்தார்களா என்று கேட்டாள். பினாங்கில் ஒருவர் பார்த்தார் என்று சொன்னேன்.'

குகன் அதை எல்லோருக்கும் சத்தமாக வாசித்தார். கடைசி வரியை மட்டும் மறுபடி வாசித்தார். தெய்வானை கழிவறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்து போனாள். நான் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதில் ஓர் எண் நனைந்து கலைந்துவிட்டது, பக்கத்தில் திரும்ப எழுதினேன்.

ஜூலையில் வந்த ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் கேட்டிருந்தோம், ஒரு வருடம் கொடுத்தார்கள். அது எங்கள் தவற்றினாலா, வேறு காரணத்தாலா என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

டிராஃப்டுக்கு மறுநாள், ஜூன் 20, வெள்ளிக்கிழமை. 6.57க்கு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் வழிகாட்டியைத் திறந்து பதினான்காவது விதியை அழித்தேன். அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: 'அணிப் பட்டியலில் இல்லாத எண் வந்தால், பட்டியலில் இருந்தவர்களில் காணாமல் போனது யார் என்று முதலில் தேடவும். பெஞ்சு கேமராவையும் பார்க்கவும்.' பிறகு அன்நோனில் மிச்சமிருந்த நாற்பத்து நான்கு துண்டுகளில் முதலாவதைத் திறந்தேன்.