சிப்பாய் எழுந்தால் ஜெபம் முடிந்தது

1947-இல் அம்மை போட்டு ஞானசிங்குக்குக் கண் இரண்டும் போயின. கயிறு திரிக்கக் கை போதும் என்பதால் தொழில் போகவில்லை. திரித்த கயிற்றைக் கடியப்பட்டணத்து மீன்பிடி வள்ளக்காரர்களுக்கு விற்கப் போகும்போது வழிகாட்டியது சிப்பாய் என்ற அவருடைய நாய். குளத்தங்கரையில் தண்ணீருக்கும் அவருக்கும் இடையில்தான் அது நடக்கும்.

அவர் மனைவி நேசபாய் 1950-இல் இறந்தாள். சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவளுக்குப் பக்கத்து இடத்தை ஞானசிங்குக்கென்று ஒதுக்கியிருந்தார்கள்.

கோயிலில் முதல் பெஞ்சுக்கு அடியில் சிப்பாய் படுத்திருக்கும். ஆமென் கேட்டதும் எழுந்து அவரை வெளியே இழுக்கும். பழைய போதகர் முடிவில் மட்டுமே ஆமென் சொல்வார், அதனால் தொந்தரவில்லை. 1952-இல் வந்த புதியவர் ஒரே ஜெபத்துக்குள் நாலைந்து ஆமென் சொல்கிறவர். ஒவ்வொன்றுக்கும் நாய் எழுந்தது, ஞானசிங் எழுந்தார், கண்ணை மூடியிருந்த பின்வரிசைக்காரர்கள் பெஞ்சு நகரும் சத்தத்தைக் கேட்டு, ஜெபம் முடிந்ததென்று எழுந்தார்கள். ஒரு வாரம் காணிக்கை எடுக்கும் முன்பே பாதிச் சபை வெளியேறிவிட்டது.

கமிட்டி கூடி ஞானசிங்கை அழைத்தது.

"பட்டியக் கோயிலுக்குள்ள ஏத்தப்பிடாது," என்றார் காரியதரிசி ஜான்ரோஸ், நாயைக் காட்டி. "நானே உம்ம கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாறேன், ஓய்."

"நீரு கூட்டிட்டு வந்தா அவன் என்ன நெனைப்பான்?"

"எவன்?"

"சிப்பாய்."

"நாயி என்னவே நெனைக்கும்?"

"வேலை போச்சுன்னு நெனைப்பான். அஞ்சு வருசமாட்டு ஒரு கொறை வைக்கல்ல. ஆமெனைக் கூட்டுனது அவனா?"

போதகர் கூரையைப் பார்த்தார். ஜான்ரோஸ் விதியைச் சொன்னார்: தீர்மானத்துக்குக் கட்டுப்படாதவர் பேர் சபையில் இராது, பேர் இல்லாதவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது.

"நேசபாய் பக்கத்துல வேற ஆளு கெடப்பான், பாத்துக்கிடும்."

ஞானசிங் நாயின் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"அவளுக்கு வாய் கூடுதலு. வாறவன் சமாளிச்சுக்கிடட்டு," என்றார்.

அன்றே பேரை வெட்டினார்கள். அவர் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நேசபாயிடம் விவரத்தைச் சொன்னார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது.

சிப்பாயிடம் யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்ததும் அது வழக்கம்போல் வாசலில் வந்து நின்றது. ஞானசிங் வெளுத்த வேட்டியை உடுத்திக்கொண்டு கூடவே போனார். இனிமேல் படிக்கட்டு வரைக்கும்தான் என்பதை அதற்கு எப்படிப் புரியவைப்பதென்று வழி நெடுக யோசித்தார்.