தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு மொட்டைக் கடிதத்தைத் தேடி

பினாங்குக்குப் படிக்க வரும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளை வேவு பார்ப்பது நம் ஆட்களேதான். ஜார்ஜ் டவுனில் ஒரு சங்கம் நடத்தும் மாணவர் விடுதியில் நான்கே மாதம் இருந்தேன். என்னை வெளியேற்றியது ஒரு மொட்டைக் கடிதம். நான் ஒரு ஆணோடு பழகுவதாக அதில் எழுதியிருந்ததாம். என்னிடம் யாரும் அதைக் காட்டவில்லை.

விஷயம் உண்மை. அந்த ஆண் என் அறைத்தோழன் முரளி. எங்களைப் பற்றி எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பியிருந்தேன். கடிதத்தில் அவன் பெயர் இல்லையாம். அவன் விடுதியிலேயே தங்கினான்.

அதன்பிறகு இரண்டு வருடம் தாசேக் கெலுகோர் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய் வந்தேன். 1994-இல் மின்னியல் டிப்ளோமாவில் முதல் மாணவனாகத் தேறினேன். உடனே அதே சங்கம் பொன்னாடை போர்த்த அழைத்தது. முரளியின் கையெழுத்து எனக்குத் தெரியும். கடிதத்தைப் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

தாசேக் கெலுகோரில் காலை 6.10-க்குப் பேருந்து. பட்டர்வொர்த் சுமார் இருபது கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், 1 வெள்ளி 60 காசு. ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையில் உட்காருங்கள். விடியும்வரை விளக்கு எரிவது அங்கே மட்டும்தான். என் பாடமெல்லாம் அங்கே படித்ததுதான்.

"என்னா தம்பி, இன்னைக்கு மாலை மரியாதையாமே" என்றார் ஓட்டுநர்.

"யார் சொன்னா?"

"ஊருக்கே தெரியும் லா. ஏன், ரகசியமா?"

சிரித்து வைத்தேன். இவருக்கு வேறு என்னவெல்லாம் தெரியும்?

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் பெர்ரிப் படகு நாற்பது காசு, இருபது நிமிடம். துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குப் பத்து நிமிட நடை. குவீன் ஸ்திரீட் துணிக்கடைகளுக்குப் பின்னால் சங்க மண்டபம். மேடைப் பதாகையில் என் பெயருக்குக் கீழே 'எங்கள் விடுதி மாணவர்' என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரிசையில் முரளி. என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டான். குற்ற உணர்வா, பயமா, தெரியவில்லை.

செயலாளர் பொன்னாடையை விரித்தார். "சிரிங்க தம்பி, போட்டோ."

"அந்த லெட்டர எனக்குக் காட்டுங்க ஐயா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் பழசு லா. நாங்க வெளிய அனுப்பாட்டி இப்படிப் படிச்சிருப்பீங்களா?"

நான் ஒலிவாங்கியை இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அதையே மறுபடி கேட்டேன். கைதட்டல் நின்றது. முரளி எழுந்து வெளியே போனான். அதை வைத்தும் எதையும் சொல்லிவிட முடியாது. செயலாளர் பொன்னாடையை மடிக்கத் தொடங்கினார்.

திரும்பும் பெர்ரிக்குக் காசு வாங்குவதில்லை. படிக்கப் போகிறவர்கள் விடுதிக்கு மனுப் போடுமுன் ஒன்று கேளுங்கள்: உங்களைப் பற்றி மொட்டைக் கடிதம் வந்தால் உங்களிடம் காட்டுவார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கெட்டிக்காரத்தனமாகப் படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நான் படித்தேன். அவர்களுக்குப் பதாகையில் போட ஒரு பெயர் கிடைத்தது.

சங்கத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்றிலும் ஒரே வரிதான்.

கடிதத்தைக் காட்டுங்கள்.