விராலுக்கு வாங்கிய ராடு

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் போகிற சந்து ஒன்றில் தூண்டில் சாமான் விற்கும் கடை இருக்கிறது. பக்கத்துத் தெரு லேப்பில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்தக் கடை வாசலில் நின்று உள்ளே தொங்குகிற ராடுகளைப் பார்த்துவிட்டுப் போவேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் உள்ளேயே போய்விட்டேன். அதுவரை நான் மீன் பிடித்ததெல்லாம் என் நண்பன் கழித்துப் போட்ட ராடில்தான்.

அவனும் நானும் ஒரே ஊர், அலங்காநல்லூருக்குப் பக்கம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அவர்கள் வயலில்தான் என் அப்பா கூலி வேலை பார்த்தார், தாத்தாவும் பார்த்தார். ஊர்க் கண்மாயின் மீன் குத்தகை எப்போதும் அவனுடைய சித்தப்பாவுக்குத்தான் போகும். ஏலத்தில் வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் படித்து முடித்து டவுனுக்கு வந்துவிட்டேன். அவன் மாட்டுத்தாவணிப் பக்கம் பிளாட் வாங்கி விற்கும் தொழிலில் இறங்கினான். அவன் அம்மாவுக்குத் தோள்பட்டையில் அடிபட்டு, படம் எடுக்கக் கூட்டி வந்த இடத்தில் என்னைப் பார்த்தான். "மாப்ள, நீ இங்கயா இருக்க?" என்று தோளைப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

அந்தச் சமயம் அவனுக்கு மீன் பைத்தியம் பிடித்திருந்தது. வெளிநாட்டில் பாஸ் என்று ஒரு மீனைப் பிடிக்கிற வீடியோக்களை ராத்திரி பகலாகப் பார்ப்பான். கண்ணாடி மாதிரித் தெளிந்த ஏரி, பளபளப்பான படகு, மூங்கில் குச்சியை விட மெல்லிய ராடு, இரும்பில் செய்து சாயம் பூசிய குட்டி மீன் பொம்மை. அதே ராடு, அதே பொம்மைகளை வரவழைத்து வைத்திருந்தான். கூட நிற்க ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காரில் வந்து என்னை ஏற்றிக்கொள்வான். எனக்கு அவனுடைய பழைய ராடு. நுனி வளையம் போனது, ரீல் கைப்பிடி ஆடும்.

ஊர்ப் பையன்கள் உயிருள்ள தவளையின் தொடையில் தூண்டில் முள்ளைக் குத்தித் தண்ணீரில் விடுவார்கள். அதைப் பார்த்தால் அவனுக்கு அருவருப்பு. "நாம அப்படி இல்ல மாப்ள, நமக்கு இது ஸ்போர்ட்டு" என்பான்.

காரில் நான் மாப்ள. கரையில் இறங்கி அவன் சொந்தக்காரர்கள் யாராவது வந்துவிட்டால் 'டேய்' ஆகிவிடுவேன். அவன் யோசித்துச் செய்தான் என்று சொல்ல முடியாது, நாக்கு தானாகத் திரும்பிக்கொள்ளும். நானும் காரில் அவனை மாப்ள என்பேன். கரையில் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டேன். வேண்டியிருந்தால் இருமுவேன்.

எங்கள் கண்மாயில் பாஸ் கிடையாது. இருப்பது விரால். அதுவும் தெளிந்த தண்ணீரில் இல்லை. ஆகாயத்தாமரை ஒரு பக்கம், தண்ணீர் நின்று செத்துப்போன கருவேல மரங்களின் தூர் ஒரு பக்கம், அதற்கு அடியில் கிடக்கும். அவன் எறிகிற இரும்புப் பொம்மை முதல் வீச்சிலேயே செடியில் மாட்டும். எப்போதாவது ஒரு விரால் கவ்வினாலும் அந்த மெல்லிய ராடு வில்லாய் வளையும், மீன் நிதானமாகத் தூருக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றித் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு தடவையும் அவன் என்னைத்தான் திட்டுவான். நிழலைத் தண்ணீரில் விழவிட்டாய் என்பான்.

கடைக்காரர் பாய் முதலில் எனக்கு எடுத்துக் காட்டியதும் அந்த மாதிரி மெல்லிய ராடுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலே பரணில் கிடந்த தடித்த ராடைக் கேட்டேன். "அது ரொம்ப விறைப்பா இருக்கும் தம்பி, நாள் பூரா வீசினா மணிக்கட்டு போயிரும்" என்றார். அதைத்தான் வாங்கினேன். வாங்கும் முன் நூலை ஷட்டர் வளையத்தில் கட்டி, பின்னால் சாய்ந்து, உடம்புப் பாரத்தையெல்லாம் கொடுத்து இழுத்துப் பார்த்தேன். நுனியில் மட்டும் கொஞ்சம் வளைந்தது. நடுவிலிருந்து கை வரைக்கும் அசையவில்லை. கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

நூலுக்கு நைலான் நரம்பு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். அது ரப்பர் மாதிரி நீளும். இங்கே நாம் சுண்டுகிற சுண்டு அந்தக் கோடியில் இருக்கும் முள்ளுக்குப் போய்ச் சேராது. விராலின் வாயோ எலும்பு. அதனால் பின்னல் நூல், கரும்பச்சை, இருப்பதிலேயே தடிமன். கடைசியாக ரப்பர் தவளை. வயிற்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் உடம்பு ஒடுங்கி முதுகில் படுத்திருக்கும் இரண்டு முள்ளும் வெளியே வர வேண்டும். சிலது கல்லாக இருந்தது, ஒதுக்கினேன். கறுப்பில் ஒன்றும் மஞ்சளில் ஒன்றும் எடுத்தேன். மஞ்சளை இன்றுவரை ஒரு மீனும் தொட்டதில்லை.

மறுநாள் கண்மாய்க் கரையில் அவன் முதலில் பார்த்தது என் ராடைத்தான். புதுசா என்று கேட்டு வாங்கிக்கொண்டான். வெகுநேரம் திருப்பித் தரவில்லை. நான் பழைய ராடை வைத்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, கைதான் வலித்தது. "உலக்கைய வாங்கிட்டு வந்திருக்க" என்று என்னிடம் நீட்டினான்.

மடைக்கு நேரே ஒரு தூர் உண்டு. அதற்கு அப்பால் கறுப்புத் தவளையை எறிந்து, இலைமேல் தத்தவிட்டுக் கொண்டு வந்தேன். இலை விளிம்பிலிருந்து தண்ணீரில் இறங்கியதும் அந்த இடமே வாய் திறந்த மாதிரி ஒரு குழி விழுந்தது. அவசரப்படாமல் நூல் இறுகும்வரை விட்டு, பிறகு சுண்டினேன். மீன் தூருக்குத் திரும்பியது. ராடு விடவில்லை. ஆகாயத்தாமரையோடு சேர்த்து ஒரு பெரிய கொத்தாகத் தரதரவென்று இழுத்துக் கரையில் போட்டேன். செடியை விலக்கினால் என் கை நீளத்துக்கு விரால். ஒரு முள் மேல்தாடையில் ஏறிக் கண்ணோரம் வெளியே வந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் அவன் சித்தப்பா மோட்டார் பைக்கில் வந்தார். பின்னாலேயே இன்னொரு வண்டியில் இரண்டு ஆட்கள்.

யார் பிடித்தது என்று கேட்டார். என்னைக் காட்டி, இவன்தான் என்று நண்பன் சொன்னான். யார் மகன் என்று கேட்டார். என் அப்பா பெயரைச் சொன்னான். "அவன் மகனா?" என்றார். ராடைக் கையில் வாங்கி, உருட்டிப் பார்த்து, அவனிடம் கேட்டார்: "ஒன்னுதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என்னை ஒரு தடவை பார்த்தான். "இல்ல சித்தப்பா. இவன் வாங்கினது" என்றான்.

அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை. பேசியதெல்லாம் அவனிடம்தான். "நீ ஆளக் கூட்டிட்டு வா, வேணாங்கல. ஆளுன்னா உன் சாமானத் தூக்கிட்டு நிக்கணும். குத்தகைக் கம்மாயில தனியா ராடு போட்டு மீன் எடுக்குற அளவுக்கு எடம் குடுத்து வச்சிருக்க." ராடை அவன் கையில் கொடுத்தார். "ஒடி."

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

முழங்காலில் வைத்து மடக்கினான். ராடு வளைந்து, உதறிக்கொண்டு நிமிர்ந்து, நுனி அவன் கன்னத்தில் சவுக்கு மாதிரி இழுத்தது. பின்னால் நின்ற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அதுவரை வேண்டாவெறுப்பாகச் செய்துகொண்டிருந்தவனுக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. மறுபடி முழங்காலில் வைத்து, முகம் சிவக்க அழுத்தினான். முடியவில்லை. மடைக் கல்லுக்கும் தரைக்கும் சாய்த்து வைத்து, இரண்டு காலாலும் ஏறிக் குதித்தான். ஒடிந்தது. பிறகு ஒடிந்த துண்டையும் மிதித்தான். நான் அவ்வளவு பார்த்து வாங்காமல் ஒரு மட்டமான ராடாக எடுத்திருந்தால் சட்டென்று முடிந்திருக்கும். அவ்வளவு நேரம் நின்று பார்த்திருக்க வேண்டியதில்லை.

சித்தப்பா வண்டியில் ஏறும்போது முதல் தடவையாக என்னிடம் பேசினார். "மீன எடுத்துட்டுப் போ. ஒங்க அப்பன்கிட்ட நான் குடுத்தேன்னு குடு."

"சரிங்கய்யா" என்றேன்.

கார் கதவைச் சாத்தியதும் மாப்ள திரும்ப வந்தது. "மாப்ள, மனசுல வச்சுக்காத. அவரு முன்னாடி நான் வேற என்னதான் செய்ய? புதுசு வாங்கித் தாரேன்." கழற்றி எடுத்த ரீலை என் மடியில் வைத்தான். அவன் கன்னத்தில் கோடு தடித்திருந்தது. என் கால்மாட்டில் சாக்குக்குள் விரால் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஊருக்குள் வராமல் ரோட்டு முக்கிலேயே இறக்கிவிட்டான்.

அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். சாக்கைப் பிரித்தார். உயிர் இன்னும் போகவில்லை. யார் கொடுத்தது என்று கேட்டார். சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவுக குடுத்தாகளா?" என்று கேட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். சாம்பலை எடுத்து வந்து தேய்த்து, அவரே அறுத்துக் கொடுத்தார். அம்மா குழம்பு வைத்தாள். "இம்புட்டுப் பெரிய மீனா நமக்குக் குடுத்திருக்காகன்னா பழச மறக்கலன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். தலையை என் தட்டில் வைத்தார். கண்ணோரத்தில் முள் ஏறிய ஓட்டை அப்படியே தெரிந்தது. நான் சாப்பிட்டேன். நல்ல ருசி.

மறுநாளே ஊர்ப் பேச்சு அப்பா காதுக்கு வந்துவிட்டது. கரையில் நின்ற ஆட்கள் டீக்கடையில் நடித்தே காட்டியிருக்கிறார்கள். அப்பா யாரிடமும் சொல்லாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். சித்தப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பய தெரியாமல் செய்துவிட்டான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என் சார்பாகக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அம்மாதான் போனில் சொன்னாள். வந்ததும் நன்றாகத் தூங்கினாராம்.

போனை அவரிடம் கொடுக்கச் சொல்லிக் கத்தினேன். என்ன தப்புச் செய்தேன் என்று மன்னிப்புக் கேட்டீர்கள் என்று கேட்டேன். "நீ டவுனுக்குப் போயிருவய்யா. நாங்க இங்கனதான கெடக்கணும்" என்றார். லேப்பில் அடுத்த ஆள் கைக்கட்டோடு காத்திருந்தார்.

நண்பன் விடாமல் போன் செய்தான். கடைசியில் எடுத்தேன். நடந்ததைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விரால் பிடிக்கச் சரியான ராடு எது, நூல் எது என்று கேட்டான். உனக்கொன்று எனக்கொன்று சேர்த்தே வாங்கிவிடலாம் என்றான். "நீ வச்சிருந்த உலக்கையே எடுத்துரட்டுமா மாப்ள?"

எனக்கு வேண்டாம் என்றேன். அவனுக்கு நிதானமாகச் சொன்னேன். அந்த ராடில் மீன் கிடைத்தது குருட்டாம்போக்கு, நீ வைத்திருந்ததுதான் சரி. வெளிநாட்டுக்காரன் பாஸுக்கு வைத்திருக்கிற மாதிரி நுனி இன்னும் மெல்லியதாக வாங்கு. விராலுக்குக் கண் கூர்மை, தடித்த நூலைப் பார்த்தால் ஓடிவிடும். தண்ணீரில் தெரியாத நைலான் நரம்பு, இருப்பதிலேயே சன்னமாகப் போடு. தவளை மட்டும் நான் போட்ட அதே கறுப்பு. அப்போதுதான் கவ்வும். அவன் அத்தனையும் எழுதிக்கொள்வது போல ம் ம் என்று கேட்டான். தான் நினைத்தது சரி என்று ஒருவர் சொன்னால் அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அந்த மழைக்காலம் முழுவதும் விரால்கள் கவ்வின, நூலை அறுத்துக்கொண்டு போயின. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்குப் போன் வரும். கூட்டிப்போன ஆட்கள் முன்னால் அவமானமாக இருக்கிறது என்பான். சித்தப்பா அவனைப் பார்த்தாலே என்ன மீன் என்று கேட்டுச் சிரிக்கிறாராம். நான் ஆறுதல் சொல்வேன்.

ஒரு நாள் படம் ஒன்று அனுப்பியிருந்தான். கரையோரத்தில் ஒரு விரால் வெள்ளை வயிறு தெரிய மிதந்தது. வாய் நிறையக் கறுப்புத் தவளை. அறுந்த நூல் வேரில் சுற்றிக் கிடந்தது. வாயை மூடவும் முடியாமல், தின்னவும் முடியாமல் எத்தனை நாள் கிடந்ததோ, தலை மட்டும் பெரிதாக, உடம்பு காய்ந்த குச்சியாகி இருந்தது. நண்டு ஒரு கண்ணைத் தின்றிருந்தது. கீழே அவன், 'நம்ம மீன் மாப்ள' என்று போட்டுச் சிரிக்கிற பொம்மை ஒன்றும் வைத்திருந்தான்.

இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மீன் எனக்கு ஒன்றும் செய்ததில்லை. அந்த மாதிரி அடியில் இன்னும் எத்தனை கிடக்கும் என்று நினைத்தேன். தடித்த நூலை வாங்கு என்று ஒரு வரி போட்டால் போதும். விரல் அதைத்தான் தட்ட ஆரம்பித்தது. பிறகு அழித்துவிட்டு, நூல் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது போல, இன்னும் சன்னமாகப் போடு என்று அனுப்பினேன்.

அப்படியே செய்தான். கோடையில் கண்மாய் வற்றியபோது அவனுக்கு அது சலித்துவிட்டது. இப்போது ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறான். நான் பாயிடம் போய் அதே ராடை மறுபடி வாங்கினேன். நான் யார் மகன் என்று தெரியாத கண்மாய்களாகத் தேடித் தெற்கே வெகுதூரம் போகிறேன். அவன் இன்னும் போன் செய்கிறான். காளைக்கு என்ன தீவனம் வைக்கலாம், உனக்குத் தெரிந்த டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறான். நான் எடுத்துப் பேசுகிறேன்.