தித்தித்த ஈயக்குண்டு

நாங்கள் நகரியில் தறி நெய்கிறவர்கள். எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, சென்னை ராஜ்யத்தோடு சேருமா என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த மழைக்காலம் அது. தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றது. என் வீட்டுக்காரர் வீச்சுவலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போக ஆரம்பித்தார்.

"குண்டு மின்னுது, மீனு மெரண்டு ஓடிப்பூடுது" என்று சொல்லி, ஜன்னலுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயிண்டை வலையோரத்து ஈயக்குண்டுகளுக்கெல்லாம் பூசினார். மீன் நிறையவே விழுந்தது.

வலை வீசும்போது ஓரத்துக் குண்டு ஒன்றைப் பல்லில் கடித்துக்கொள்வது இங்கே வழக்கம். "இந்தப் பெயிண்டு தித்திக்குது மே" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். ஏரித்தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். ஒரு காலையில், வலையடியில் உதிர்ந்த பச்சைச் செதில்களைக் கொத்திக்கொண்டிருந்த எங்கள் கோழி, கழுத்துத் தொங்கிச் செத்துக் கிடந்தது. பெயிண்டு தித்திக்கிறது என்று அவர் சிரித்தது ஞாபகம் வந்தது.

"வாயத் தெறய்யா" என்றேன். ஈறோரமெல்லாம் கறுப்பாகக் கோடு ஓடியிருந்தது.

புத்தூர் டாக்டர் பார்த்துவிட்டு, "ஈயமும் விஷம், பெயிண்டும் விஷம். ஈயம் ஒடம்புல ஏறினதுக்குத்தான் இந்தக் கறுப்புக் கோடு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கை வெளங்காம போயிருக்கும்மா, அப்புறம் தறி எங்க?" என்றார்.

மெல்லத் தேறினார். இப்போது குண்டுக்குப் பெயிண்ட் கிடையாது. பல்லில் கடிக்க வலையோரத்தில் ஒரு துணி முடிந்திருக்கிறேன். ஏரியிலிருந்து அவர் வந்தால் மீன்கூடையை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் வாயைத் திறக்கச் சொல்வேன்.