கால்வாய்ப் படகில் ஒரு சொம்புத் தண்ணீர்

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலை உத்தரவுக்குக் காத்திருந்த கோடை அது. எங்கள் உத்திரமேரூர் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் கடலோரம்தான் போகவேண்டும். மாமல்லபுரத்துக்கு மேற்கே ஓடும் உப்புக் கால்வாயில் விறகுப் படகுகள் உண்டு. சரக்கு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை வாடகைக்கு விடுவார்கள். என்னோடு படித்த இருவரும் நானும் மூன்று ஞாயிறு போய்வந்தோம். மூன்று பேருக்காகப் படகுக்காரர் கழியை எடுக்கமாட்டார். துறையில் நிற்கிற யாரையாவது ஏற்றிக்கொள்வோம். முன்பின் தெரியாதவர்கள் அரைமணியில் குடும்பக் கதை வரைக்கும் சொல்லிவிடுவார்கள்.

நண்பர்களில் ஒருவன் வாய் ஓயாத சென்னைக்காரன். மற்றவன் சாலவாக்கம், நிலபுலன் உள்ள வீடு. என் பஸ் அந்த வழியாகத்தான் போகும் என்பதால் நான் முதலில் அவன் வீட்டில் இறங்குவேன். அவன் அம்மா என்னைக் கூடத்தில் உட்காரவைத்து இட்லி போடுவார். அப்பா என்ன செய்கிறார் என்று ஒருமுறை கேட்டார். "விவசாயங்க" என்றேன். பொய்யில்லை. அப்பா பிறத்தியார் வயலில் ஏர் ஓட்டினார். நாங்கள் ஊருக்கு வெளியே சேரியில் இருந்தோம். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கூடத்தில் எனக்கு இடமில்லை என்று தெரியும்.

நான்காவது ஞாயிறு ஒரு புருஷனும் பெண்சாதியும் எங்களோடு ஏறினார்கள். பாதி வழியில் காற்று நின்று பாய் தொங்கிவிட்டது. படகுக்காரர் கயிற்றைக் கரையில் போட்டு, "யாராச்சும் கொஞ்சம் இழுங்கப்பா" என்றார். நான் குதித்து இறங்கி ஒரு பர்லாங்கு இழுத்தேன். திரும்பி ஏறும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கால்வாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அந்த அம்மாள் தன் பானையிலிருந்து சொம்பில் மொண்டு எல்லோருக்கும் கொடுத்தார். நண்பர்கள் சொம்பைத் தூக்கிக் குடித்தார்கள். என் முறை வந்தது. அவர் சொம்பை நீட்டினார். நான் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்து வாயருகே ஏந்தினேன்.

யோசித்துச் செய்யவில்லை. வெயிலில் வேலை செய்து, நிற்கிற ஓர் அம்மாள் முன்னால் தாகத்தோடு வந்தால் என் உடம்புக்குத் தெரிந்தது அதுதான்.

சென்னைக்காரன் சிரித்தான். "இன்னாடா, கோயில்ல தீர்த்தம் வாங்கற மாதிரி குந்திக்கினு கீற?"

சாலவாக்கத்தான் சிரிக்கவில்லை. அவன் வீட்டு வயலில் கூலியாட்கள் அப்படித்தான் குடிப்பார்கள். அந்த அம்மாள் சொம்பைச் சற்று உயர்த்தி, கையில் ஊற்றினார். நான் குடித்தேன். குடிக்காமல் எழுந்திருக்கலாம் என்பது பிறகுதான் தோன்றியது.

மதியம் சவுக்குத் தோப்பில் படகைக் கட்டினோம். சாலவாக்கத்தான் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை எப்போதும் ஒரே இலையில் விரித்து மூன்று பேரும் கைவைப்போம். அன்று அவன் இலையை மூன்றாகக் கிழித்தான்.

"இன்னாபா, சொத்து பிரிக்கிறியா?" என்றான் சென்னைக்காரன்.

"கை இடிக்குதுபா."

சென்னைக்காரன் குளிக்கப் போனதும் சாலவாக்கத்தானிடம் கேட்டேன். "வர ஞாயித்துக்கிழம நான் வரட்டா, வேணாவா?"

"நீ இல்லாம இன்னாடா படகு?" என்றான். கொஞ்ச நேரம் மணலைக் கிண்டினான். "ஆனா வூட்டாண்ட வராத. நான் ரோட்டுல வந்து நிக்கறேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா பேஜாரு."

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. படகில் என்னை வைத்துக்கொள்ள அவனுக்கு மனம் இருந்தது, வீட்டில் சொல்லத்தான் துணிவில்லை. எனக்கு மட்டும் இருந்ததா? நான்கு வாரம் அந்த இட்லியைத் தின்றவன்தானே நான்.

அடுத்த ஞாயிறு சொன்னபடி ரோட்டில் நின்றிருந்தான். பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒன்ன ஏன் காணோம்னு அம்மா கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நாஷ்டா துன்னுட்டு வரான்னு சொன்னேன்."

அன்றைக்குப் படகில் யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. மாலையில் துறையை நெருங்கும்போது அவனிடம், "நான் வந்து அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றேன். "எதுக்குடா?" என்றான். "அவங்க கையால துன்னவன்டா நான்" என்றேன்.

சாலவாக்கத்தில் பஸ் நின்றபோது அவன் இறங்கினான். நானும் இறங்கினேன். அவன் முன்னால் நடந்தான். எனக்காக நடையைத் தளர்த்தவில்லை. திரும்பிப் போ என்றும் சொல்லவில்லை. வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே பார்த்து, "அம்மா, செத்த வெளிய வாயேன்" என்று கூப்பிட்டான். கூப்பிட்டவன் உள்ளே போகாமல் என்னோடு வாசலிலேயே நின்றான்.