உள்ளே துணி விடாத கவுன்

சேலைச் சட்டை தைப்பவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை விட்டு, அதில் இரண்டு மூன்று வரியாகத் தையல் ஓட்டுவாள். சட்டை போடுகிறவள் பிள்ளை பெற்றாலும், கலியாண வீடுகளில் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டாலும், ஒரு வரியைப் பிரித்துவிட்டால் சட்டை மறுபடியும் ஏறும். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், எங்கள் வீட்டு முன்னறையில் மெஷின் போட்ட நாளிலிருந்து நான் உள்ளே துணி விடாமல் தைத்தது ஒரே ஒரு உடுப்பு. அது என் சிநேகிதிக்குத் தைத்தது.

அவளும் நானும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடம், வகுப்பில் இருந்ததும் ஒரே வாங்கு. உயர்தரப் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியம் எடுத்த ஏழு பேரில் நாங்கள் இருவர். பாடத்துக்கு ஒரு பழைய ஆங்கில நாவல் இருந்தது. ரீஜன்சிக் காலத்துக் கதை. அரசருக்குச் சித்தம் கலங்கியதால் மகன் அவருக்குப் பதிலாக நாட்டைப் பார்த்துக்கொண்ட காலம். ஆனால் அரசரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. யாருக்கு எவ்வளவு சொத்து, யார் யாரைக் கட்டுவது, ஊர் என்ன சொல்லும், இவ்வளவுதான். எங்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. சோதனையில் எனக்கு ஏ, அவளுக்கு சி. கிழவியாகப் போகிற வயதில் இதை எதற்குச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நான் சொல்லப்போகும் அந்த வருடம் முழுக்க இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் இருவரும் லண்டன் வந்து சேர்ந்தோம். அவளுக்கு சட்டனில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள், பெற்றோல் செட்டில் ஷிப்ட் வேலை செய்யும் புருஷன், தையல் மெஷின். சனிக்கிழமைகளில் அவள் பஸ் ஏறி வருவாள். வந்து, வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டுக் கதிரையில் உட்காருவாள். நான் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே அந்தப் பழைய நாவலை மிச்சத்தில் நடப்பதுபோலச் சொல்லுவேன். கண்டவருக்கெல்லாம் கலியாணம் பேசித் திரியும் ஒரு பெரியம்மாவை நானாகவே உண்டாக்கினேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்வந்து பெரியம்மா தீர்ப்புச் சொல்லுவா.

"பெடியன் நல்லாய்ப் படிச்சவன். படிச்சுப் படிச்சுக் கண் மங்கல். நல்லதுதானே, எங்கடை பிள்ளையைப் பிடிச்சுப் போடும்."

இன்னொரு மாப்பிள்ளைக்கு: "வீடு பெரிசு, வாய் சின்னன். கட்டலாம்."

சிநேகிதி கண்ணீர் வரச் சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்லுவாள்.

"இதை எழுதடி."

"எழுதுவன். முதல் இந்தச் சட்டைக்குக் கொக்கி வைச்சு முடிக்கவேணும்."

பத்து வருடம் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை அவள் வந்து, கதிரையில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். ரீஜன்சிக் காலத்தில் நடக்கும் பகிடியும் சிரிப்புமான ஒரு காதல் நாவலை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாளாம். நாங்கள் படித்த அந்தப் பழைய நாவல்தான் தூண்டுதலாம். மத்தியான இடைவேளைகளில் அலுவலகத்துத் தட்டச்சிலேயே அடித்தாளாம். ஒரு சின்னப் பதிப்பகம் எடுத்து, புத்தகமும் அச்சாகிவிட்டதாம். முந்தியே சொன்னால் சரிவராமல் போய்விடும் என்று பயந்தாளாம்.

எனக்கு வயிறு எரிந்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே எரிந்தது. அன்று மத்தியானம் மோரும் சோறும்தான் சாப்பிட்டேன். வாயால் மட்டும் "நல்ல விசயம்" என்றேன்.

"இனித்தான் உன்ரை உதவி வேணும்" என்றாள். பதிப்பகத்துக்காரி புத்தகத்தைப் பரப்பத் திட்டம் வைத்திருந்தாள். எழுத்தாளர் கடை கடையாக, லைப்ரரி லைப்ரரியாகப் போய் வாசிக்க வேண்டும். அதுவும் அந்தக் காலத்துக் கவுன் போட்டுக்கொண்டு. வாடகைக் கடைக் கவுன்கள் எல்லாம் ஆறடி வெள்ளைக்காரிகளுக்கு அளவெடுத்தவை. என் சிநேகிதி என் தோள் உயரம். அதனால் ஒரு வெள்ளை வொயில் சேலையைக் கொண்டுவந்திருந்தாள். கூடவே கவுனின் படம் ஒன்று. இடுப்பு மார்புக்குக் கீழேயே முடிந்து, அங்கிருந்து நேரே பாதம் வரைக்கும் தொங்கியது.

"இது எங்கடை ஆக்கள் வயித்திலை பிள்ளை இருக்கேக்கை போடுற சட்டையெல்லோ" என்றேன். வழமைபோலச் சிரித்தாள். இதையும் அடுத்த புத்தகத்தில் போட்டுவிடுவாளோ என்று எனக்குள் ஓடியது.

கையோடு விளம்பரத் துண்டு ஒன்றையும் வைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகுதான் அதைப் பார்த்தேன். மேலே தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் படம். கீழே, நாவலில் கலியாணம் பேசித் திரியும் விதவைப் பெரியம்மா சொல்வதாக, சாய்ந்த ஆங்கில எழுத்தில் ஒரு வரி: வீடு பெரிது, வாய் சிறிது, கட்டலாம்.

கத்தரிக்கோல் கையில் இருந்தது, சேலை மேசையில் விரித்திருந்தது. அப்போதே வெட்டினேன். கை நுழையும் கைக்குழியை அளவுக்கு அரை அங்குலம் குறைத்தேன். தைத்த பிறகும் உள்ளே விரல் அகலத்துக்குக்கூடத் துணி விடாமல், தையல் ஓரத்தோடு நறுக்கினேன். கை தவறியது என்று இன்றைக்குச் சொல்லலாம், நீங்களும் நம்புவீர்கள். ஆனால் ஊரிலும் இங்கேயுமாக இருபது வருடம் சட்டை தைத்தவளுக்குக் கைக்குழியில் கை தவறாது. சேலையில் ஒன்றரை யார் நீளத் துணி மிஞ்சியது. மடித்து மேசை லாச்சியில் வைத்தேன்.

போட்டுப் பார்க்க வந்தாள். கைகளைத் தொங்கவிட்டுக் கண்ணாடி முன் நின்றபோது வடிவாகத்தான் இருந்தாள். அது என்னை இன்னும் கடுப்பாக்கியது. எவள் வந்தாலும் "கையைத் தூக்கிப் பார்" என்பேன். அவளிடம் கேட்கவில்லை.

"முன்வரிசையிலை இரடி. ஆரும் சிரிக்காட்டி நீ சிரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் கூட்டம் ஸ்ட்ரெதத்தில் ஒரு புத்தகக் கடையில், சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. எங்கள் ஆட்களின் நூல் வெளியீடு என்றால் விளக்கேற்றி, வரவேற்புரை, ஆய்வுரை, ஏற்புரை என்று நாலு மணித்தியாலம் போகும். மேடையில் இருப்பவர்களில் புத்தகத்தை வாசித்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். இங்கே தேநீர், பிஸ்கட், இருபது கதிரை. இரண்டு வெள்ளைக்காரிகள் அந்தக் காலத்துத் தொப்பியைக் கட்டிக்கொண்டு, புத்தகத்தை முதலே வாசித்து முடித்து வந்திருந்தார்கள்.

நான் முன்வரிசையில் இருந்தேன். சிரிக்க நான் தேவைப்படவில்லை. மாப்பிள்ளையின் மங்கல் கண்ணுக்குச் சிரித்தார்கள். பெரிய வீட்டுக்கும் சின்ன வாய்க்கும், தொப்பிக்காரி ஒருத்தி பிஸ்கட் புரையேறித் தண்ணீர் குடித்தாள். நான் சொல்லி அவள் ஒருத்தி மட்டும் சிரித்த பகிடிகளுக்கு, இப்போது அவள் சொல்ல ஒரு கடை முழுக்கச் சிரித்தது. எழுந்து நின்று "அது என்ரை வாய்" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. முகத்தைப் பிஸ்கட் தட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வாசிப்பு முடிந்து, கையெழுத்துக்கு வரிசை நின்றது. முதல் புத்தகத்தை விரித்துப் பேனையை நீட்டிய சிநேகிதி பாதியில் நின்றாள். கை முன்னுக்குப் போகவில்லை. இன்னொரு தரம் எட்டினாள். தோள் பக்கம் துணி இழுபட்டது. என் தையல் இலேசில் விட்டுக்கொடுக்காது. வரிசையிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு, என்னைக் கண்ணால் கூப்பிட்டு, பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறைக்குப் போனாள்.

"கை தூக்க ஏலாமல் கிடக்கு. உள்ளுக்குத் துணி விட்டிருப்பாய்தானே? கெதியாய் ஒரு வரி பிரிச்சு விடு."

அவள் அதை எவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள் என்பதுதான் என்னைத் தைத்தது. நான் அசையாமல் நிற்க, அவளே கொக்கிகளைக் கழற்றி, கையை இழுத்து, கைக்குழியை உட்புறமாகத் திருப்பினாள். தையலோடு ஒட்ட நறுக்கிய ஓரத்தைப் பார்த்தாள். என் சட்டைகளைப் பத்து வருடமாக உடுத்துகிறவள். அந்த ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினாள்.

"துணி போதாமல் போச்சுதாக்கும்" என்றாள்.

"ஓம்" என்றேன்.

மறுபடியும் கொக்கியை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். நெருக்கமான பஸ்ஸில் நின்று எழுதுகிறவளைப்போல முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் சின்னச் சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள். எவ்வளவு நிமிர்ந்து இருக்கிறாள் பாருங்கள், அந்தக் காலத்துப் பெண்கள் அப்படித்தான் என்று தொப்பிக்காரி மெச்சினாள். வீட்டுக்குப் போகக் கவுனைக் கழற்றியபோது சிநேகிதியின் அக்குளில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது.

அடுத்த கூட்டம் இரண்டு கிழமை கழித்து சட்டன் லைப்ரரியில். இடையில் டெலிபோன் எடுத்தாள். கவுனைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. "அதையேதான் போடுவன். கையெழுத்தைச் சின்னனாய்ப் போட்டால் சரி" என்றாள். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். பிறகு ஒவ்வொரு நாளும் லாச்சியைத் திறந்து மூடினேன். அக்குளில் ஒரு துண்டு வைத்துத் தைத்தால் கவுன் இளகிவிடும், அரை மணித்தியால வேலை. ஆனால் அந்தத் துண்டை வெளியே எடுத்தால், துணி போதாது என்பதற்கு நான் ஓம் போட்டது பொய் என்பதையும் சேர்த்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அவள் போகிற இடமெல்லாம் விலாவோடு கையை ஒட்டிக்கொண்டு இருப்பாள், யாரிடமும் என்னைக் குறை சொல்லவும் மாட்டாள்.

சட்டன் கூட்டத்தன்று வெள்ளனவே, நேரத்தோடு பஸ் ஏறினேன். லைப்ரரியின் பின்னால் ஊழியர்கள் தேநீர் குடிக்கும் சின்ன அறையில் அவள் கவுனோடு நின்றாள். நேரே கையைத் தூக்கச் சொன்னேன். முடிந்த மட்டும் தூக்கினாள். இரண்டு அக்குளிலும் தையலைப் பிரித்து, கொண்டுவந்த துண்டுகளை வைத்து, அவள் உடம்பிலேயே கையால் தைக்கத் தொடங்கினேன். அவள் குனிந்து துணியைப் பார்த்தாள். அதே வெள்ளை, அதே வொயில்.

"எங்காலை இந்தத் துணி?"

"மிச்சம் இருந்தது."

"முந்தியும் இருந்ததோ?"

"ஓம். முந்தியும் இருந்தது."

ஊசியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"அந்தப் பெரியம்மா சொல்லுறதெல்லாம் நான் சொன்னது" என்றேன்.

"ஓம், நீ சொன்னதுதான்" என்றாள். "நீ எழுதுவாய், எழுதுவாய் எண்டு பத்து வருஷம் பாத்தன். ஒரு வரி எழுதினனீயே? அப்பிடியே காத்தோடை போகட்டும் எண்டு விட என்னாலை ஏலாமல் போச்சு. உன்னட்டைக் கேட்டிருக்கவேணும். கேட்டால் 'நான் எழுதப்போறன்' எண்டு சொல்லிப்போடுவாய் எண்டு பயந்தன்."

ஏயும் சியும் அந்த நேரம் உதவிக்கு வரவில்லை. நூலை முடிச்சுப் போட்டு, வழக்கம்போலப் பல்லால் கடித்தேன். அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். தாராளமாகப் போயின. கையைக் கீழே விட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்:

"மிச்சத்திலை இருக்கிறவளிட்டை மிச்சம் இல்லாமல் போகுமே."

நான் சிரித்துவிட்டேன். எங்கள் இருவருக்குள் அவள் பகிடி சொல்லி நான் சிரித்தது அதுதான் முதல் தரம். வாசிப்புத் தொடங்கியபோதும் முன்வரிசையில் இருந்து அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் புத்தகத்துக்குச் சிரிப்பதாக எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அவள் பிறகு இரண்டு நாவல் எழுதினாள். இரண்டையும் வந்த அன்றைக்கே வாங்கி, வரி வரியாகத் தேடினேன். அந்தப் பகிடி எதிலும் இல்லை. நான் எழுதி அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. அதில் அவளுடைய பகிடியைப் போட்டுவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை.